புயல் நிவாரணப் பணம் சங்கத்துக்குக் கிடைக்குமா?



2018 நவம்பர் 16-ல் கஜா புயல் அடிச்சப்போ நான் ரெண்டாம் கிளாஸ். எங்க தெரு மகளிர் குழு அக்காமார் கடையில் கடனுக்கு அரிசி வாங்கி, நாலு நாள் எல்லாருக்கும் கஞ்சி காய்ச்சி ஊத்தினாங்க. அந்தக் கடனை அவங்களே மாசாமாசம் கட்டி அடைச்சாங்க. "கவர்மெண்ட்டு நிவாரணம் குடுத்துச்சே, குழுவுக்கு ஏம்மா குடுக்கல?" என்று அம்மாவைக் கேட்டேன். "நமக்குப் பதிவு இல்லடி" என்றார்கள்.

பதிவு இருந்தால் மட்டும் கிடைத்திருக்குமா? அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

பணம் எங்கிருந்து வருகிறது?

2005-ஆம் வருட பேரிடர் மேலாண்மைச் சட்டப்படி மாநிலத்துக்கு ஒரு பேரிடர் நிதி உண்டு. தமிழ்நாட்டின் நிதியில் 100 ரூபாய்க்கு 75 ரூபாய் மத்திய அரசு, 25 ரூபாய் மாநில அரசு போடுகிறது. வீடு இடிந்தவர், மாடு செத்தவர் என்று பாதிக்கப்பட்டவருக்குத்தான் அந்தப் பணம். சங்கம் வைத்திருக்கிறோம் என்பதற்காகத் தர மாட்டார்கள்.

அப்போ சங்கத்துக்கு வழியே இல்லையா?

இருக்கு. அரசு ஒப்படைத்த வேலையைச் செய்தால் தருவார்கள். 2019 வறட்சியில் மகாராஷ்டிராவில் தொண்டு நிறுவனங்களும் கூட்டுறவுச் சங்கங்களும் மாட்டு முகாம் நடத்தின. தலைக்கு ஒரு நாளைக்கு இவ்வளவு என்று அரசு கொடுத்தது. மாட்டை எண்ணிக் கணக்குக் காட்டினால்தான் காசு!

சில நேரம் பணம் தராமல் வேலையில் மட்டும் சேர்த்துக்கொள்வார்கள். 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு தமிழக அரசு நிலம் கொடுத்தது. தொண்டு நிறுவனங்கள் தங்கள் செலவில் வீடு கட்டின. ஒரு வீட்டுக்கு 1.5 லட்சம். சுமார் 50 வீடு, அதாவது 75 லட்சம் போட முடிந்தவர்களைத்தான் அரசு அழைத்தது.

சங்கத்திடம் என்ன இருக்க வேண்டும்?

1. பதிவு. தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம் 1975-ன்படி 7 பேர் சேர்ந்தால் போதும்.
2. சங்கத்தின் பேரில் வங்கிக் கணக்கு, பான் கார்டு.
3. வருஷா வருஷம் தணிக்கை செய்த வரவு செலவு.
4. வேலையை ஒப்படைத்ததற்கு அதிகாரி தந்த எழுத்து. வாய்ப்பேச்சு செல்லாது.

இவ்வளவு கெடுபிடி எதுக்கு என்று எனக்கும் கோபம் வந்தது. ஆனால் நிவாரணப் பணத்தையோ பொருளையோ அபகரித்தால் 2 வருஷம் வரை ஜெயில் என்று அதே சட்டம் சொல்கிறது. பாதிக்கப்பட்டவங்க காசு இல்லையா? காவல் வேணும்தானே!

எங்க குழுவுக்குப் பதிவு இருந்திருந்தாலும் அரிசிக் காசு தானாக வந்திருக்காது. ஆனால், "இந்த முகாமை எங்ககிட்ட விடுங்க" என்று எழுதிக் கேட்டிருக்கலாம். இதை அம்மாவிடம் சொன்னேன். அடுத்த கூட்டத்தில் பேசுவதாகச் சொல்லியிருக்கிறார்கள். உங்கள் வீட்டிலும் கேளுங்கள். வெள்ளம் வருமுன் அணை போட வேண்டும் அல்லவா?



– 9-ஆம் வகுப்பு மாணவி