அயிலையின் செவுளில் ஒரு புது உயிர்

அயிலை மீனின் செவுள் மூடியைத் தூக்கினால் உள்ளே வெளிறிய நிறத்தில், விரல்நுனி அளவில் ஓர் உயிர் சில சமயம் ஒட்டிக்கொண்டிருக்கும். ஐஸ் பெட்டியில் கடலிலிருந்து தள்ளியிருக்கும் டி. கல்லுப்பட்டி வரை வந்து சேரும் மீனிலும் அது இருக்கலாம். மீன் வெட்டுபவர் செவுளோடு பிய்த்து எறிந்துவிடுவார். மீன்பேன் என்று சொன்னாலும் அது பேன் அல்ல. இறால், நண்டுக்கு உறவான ஐசோபாட். கொக்கி போன்ற ஏழு சோடிக் கால்களால் பற்றிக்கொண்டு மீனின் இரத்தத்தைக் குடித்து வாழும் ஒட்டுண்ணி.

அயிலையில் காணப்படுவது பெரும்பாலும் நோரிலெகா இண்டிகா. பிரெஞ்சு விலங்கியலாளர் மில்ன் எட்வர்ட்ஸ் 1840இல் லிவோனெகா என்ற பேரினத்தில் வைத்து விவரித்த இனம் இது. 1990இல் விலங்கியலாளர் நீல் புரூஸ் இதை நோரிலெகா என்ற புதிய பேரினத்துக்கு மாற்றினார். கரோலின் என்ற பெண் பெயரின் எழுத்துகளை இடம் மாற்றிப் போட்டு ஐசோபாடுகளுக்குப் பெயர் வைப்பது 1818இல் விலங்கியலாளர் லீச் தொடங்கிய விளையாட்டு. நெரோசிலா என்ற பேரினப் பெயர் அப்படி வந்தது. நோரிலெகாவும் அதே எழுத்துகள்தாம். அந்தக் கரோலின் யாரென்பது வேறு கதை.

இப்படிச் செவுளில் கிடைக்கும் ஒட்டுண்ணியைப் புதிய இனம் என்று சொல்ல, அது பழைய இனம் எதுவும் அல்ல என்று முதலில் காட்டியாக வேண்டும். வேலையில் பெரும்பகுதி இதுதான்; அது எளிதும் அல்ல. தாயின் அடைபையிலிருந்து வெளிவரும் குஞ்சுக்கு ஆறு சோடிக் கால்களே உண்டு. வளர்ந்ததும் முதலில் ஆணாக இருந்து, பிறகு பெண்ணாக மாறும். பெண் பெரியது, ஆண் சிறியது, உருவமும் வேறு. போதாக்குறைக்கு, இடப்பக்கச் செவுளில் வளர்ந்ததா வலப்பக்கத்திலா என்பதைப் பொறுத்து உடல் ஒரு பக்கமாகக் கோணிவிடும். ஒரே இனத்தை இரண்டு மூன்றாக எண்ணி ஏமாற இவ்வளவு போதும். எந்த மீனில் கிடைத்தது என்பது நல்ல துப்பு; அதை மட்டும் நம்ப முடியாது.

ஆகவே பிய்க்கும் முன்பே மீனின் இனம், ஒட்டியிருந்த இடம், பிடிபட்ட கரை ஆகியவை குறிக்கப்படும். ஒட்டுண்ணி சாராயக் கரைசலில் போகும். பிறகு நுண்ணோக்கியின் கீழ் உணர்கொம்பு, வாயுறுப்பு, கால்கள், வால்தகடு ஒவ்வொன்றாகப் பார்த்து வரையப்படும். படத்தைப் பழைய விவரிப்புகளோடும் அருங்காட்சியக மாதிரிகளோடும் ஒப்பிட வேண்டும். இப்போது மைட்டோகாண்ட்ரியாவின் சிஓ1 மரபணு வரிசையும் ஒப்பிடப்படுகிறது. ஆணும் பெண்ணும் குஞ்சும் ஒரே இனமா என்ற சிக்கலை அவிழ்ப்பதில் அதற்கு ஈடில்லை.

எதோடும் பொருந்தாவிட்டால் பெயர் சூட்டி, விவரிப்பை வெளியிடுவார்கள். பெயருக்கு ஆதாரமான ஒற்றை மாதிரி அருங்காட்சியகக் குப்பியில் சீட்டு ஒட்டி வைக்கப்படும்.