ஊர்கள் ஒன்றாதல்: புரூக்ளின் நகரின் வரலாறு

அயலயலாக வளர்ந்த ஊர்கள் ஓராட்சியின்கீழ் வருதல் நகராட்சி வரலாற்றிற் பலகாலும் நிகழ்வதொன்று. அதனாற் பெறுவன யாவை, இழப்பன யாவை என்பதை விளக்குதற்கு ஐக்கிய அமெரிக்காவின் புரூக்ளின் நகரம் தக்க எடுத்துக்காட்டாகும். அயலூர்களைத் தன்னுட் சேர்த்து வளர்ந்த அந்நகரமே ஈற்றிற் பிறிதொரு நகருட் சேர்ந்தது.

1834இல் நகர உரிமை பெற்ற புரூக்ளின், 1855இல் வில்லியம்ஸ்பேர்க் நகரையும் புஷ்விக் என்னும் ஊரையும் தன்னுடன் இணைத்தது. 1886இல் நியூ லொட்ஸும், 1894இல் பிளற்புஷ் முதலிய மூன்று ஊர்களும், 1896இல் பிளற்லண்ட்ஸும் சேர்ந்தன. 1890ஆம் ஆண்டிலேயே அதன் மக்கட்டொகை எட்டு இலட்சத்தைக் கடந்திருந்தது.

ஆற்றின் எதிர்க்கரையிலிருந்த நியூயோர்க்குடன் அதனை இணைக்கும் எண்ணத்தை அன்றூ கிறீன் என்பார் 1868இல் வெளியிட்டார். 1883இல் திறக்கப்பட்ட பெரும்பாலம் இரு கரைகளையும் நெருக்கமாக்கிற்று. எனினும் இணைப்பை வற்புறுத்தியவை நீரும் கடனுமேயாம். லோங் தீவின் ஓடைகளையும் கிணறுகளையும் நம்பியிருந்த புரூக்ளினுக்கு நீர் போதவில்லை. நியூயோர்க்கோ 1842 முதல் குறோற்றன் நீரைப் பெற்றுவந்தது. மேலும், வரிமதிப்பில் நூற்றுக்குப் பத்துக்கு மேற் கடன்படலாகாது என்னும் சட்ட வரம்பைப் புரூக்ளின் நெருங்கியிருந்தது.

1894இல் மக்கள் கருத்தைக் கேட்டபோது, புரூக்ளினில் இணைப்பை விரும்பியோர் 64,744 பேர். மறுத்தோர் 64,467 பேர். வேறுபாடு 277 வாக்குகளே. 1896இல் இரு நகரமுதல்வரும் மசோதாவை மறுத்தனர். மாநிலச் சட்டமன்றமோ அதனை மீண்டும் நிறைவேற்றிற்று. 1898 சனவரி 1ஆந் திகதி, ஐந்து பிரிவுகளைக் கொண்ட பெருநகரம் தோன்றியது.

நீர்க்குறையும் கடன்குறையும் இதனால் நீங்கின. குரலுரிமைச் சிக்கலோ நீடித்தது. வரவுசெலவை ஆண்ட மதிப்பீட்டுச் சபையில், பிற்காலத்தில், பெரிய பிரிவுக்கும் சிறிய பிரிவுக்கும் சம வாக்கு இருந்தது. மக்கட்டொகைக்கு அது ஒவ்வாதென உயர் நீதிமன்றம் 1989இல் தீர்ப்பளிக்க, அச்சபை ஒழிந்தது. அதனாற் குரல் குன்றிய ஸ்ரற்றன் தீவு மக்கள் 1993இல் பிரிந்துசெல்லப் பெரும்பான்மையாக வாக்களித்தனர். ஆயினும் பிரிவினை நிறைவேறவில்லை.

ஆகவே, எல்லைகளை ஒரு சட்டத்தால் அழித்தல் கூடும். சிற்றூரின் தேவை பேரவையிற் கேட்கப்படுமாறு செய்தல் அச்சட்டத்தோடு முடிவதன்று. அது தலைமுறைதோறும் கவனிக்கவேண்டிய கடமையாகும்.