பேரிடர்த் திட்டத்தில் இனப்பெருக்க நலம்

வெள்ளமோ நிலநடுக்கமோ கொள்ளைநோயோ நேரும்போது பள்ளிகள் மூடப்படும், தேர்வுகள் தள்ளிவைக்கப்படும். பிரசவத்தைத் தள்ளிவைக்க எவராலும் இயலாது. இவ்வெளிய உண்மை ஒரு நாட்டின் பேரிடர்த் திட்டத்தில் எவ்வாறு இடம்பெற வேண்டும் என்பதை இங்கு விளக்க முற்படுகிறோம்.

இனப்பெருக்க நலம் என்பது மகப்பேற்றை மட்டும் குறிப்பதன்று. தாய்க்கும் பச்சிளங்குழந்தைக்குமான மருத்துவம், கருத்தடை வசதி, பால்வினை நோய்த் தடுப்பு, பாலியல் வன்முறைக்கு ஆளானோர்க்கான சிகிச்சை ஆகியவற்றையும் அது உள்ளடக்கும். 1994இல் கெய்ரோவில் நடைபெற்ற மக்கள்தொகை, வளர்ச்சி பற்றிய அனைத்துலக மாநாட்டிற்குப் பின்னர், பன்னாட்டு அமைப்புகள் கூடி இதற்கெனக் 'குறைந்தபட்சத் தொடக்கச் சேவைத் தொகுப்பு' ஒன்றை வகுத்தன. நெருக்கடி தொடங்கிய 48 மணி நேரத்திற்குள், இயன்ற இடங்களிலெல்லாம், தொடங்க வேண்டிய பணிகளை அது வரையறுக்கிறது.

இத்தொகுப்பின் அடிப்படை ஓர் எளிய கணக்கு. பிறப்பு வீதம் ஆண்டுக்கு 4 விழுக்காடு எனக் கொண்டால், 10,000 பேர் தங்கியுள்ள முகாமில் மூன்று மாதங்களில் ஏறத்தாழ 100 குழந்தைகள் பிறக்கும். அவற்றுள் சுமார் 15 விழுக்காட்டில் சிக்கல் எழக்கூடும். எனவே எத்தனை பேருக்கு மருத்துவமனை தேவைப்படும், அவர்களை எவ்வாறு கொண்டுசேர்ப்பது என்பதை முன்னரே முடிவு செய்யலாம். மருத்துவமனையை அடைய இயலாத தாய்க்கென வழங்கப்படும் தூய பிரசவப் பையில் இருப்பவை சவர்க்காரம், நெகிழி விரிப்பு, புதிய சவர அலகு, தொப்புள்கொடி கட்டும் நாடா, துணி, கையுறை போன்ற மலிவான பொருள்களே. அவற்றை முன்கூட்டியே சேமித்து வைத்தலே முதன்மையானது.

திட்டமில்லாவிடில் நேர்வது யாது? 2014இல் எபோலா பரவியபோது சியரா லியோனில் தாய்மார் பலர் மருத்துவமனைக்குச் செல்ல அஞ்சினர். மகப்பேற்றுச் சேவைகளின் பயன்பாடு குறைந்தமையால், இறந்து பிறந்த சிசுக்கள் உட்பட ஓராண்டில் சுமார் 3,600 தாய் சேய் இறப்புகள் கூடுதலாக நேர்ந்தன என 2017இல் வெளிவந்த ஓர் ஆய்வு மதிப்பிட்டது. அக்காலத்தில் அந்நாட்டில் எபோலாவால் மாண்டோரின் எண்ணிக்கைக்கு அஃது ஏறத்தாழ இணையானது.

மலேசியாவிலும் 2014 டிசம்பர் வெள்ளத்தில் 200,000க்கும் மேற்பட்டோர் வீடுகளைவிட்டு வெளியேறினர். வடகிழக்குப் பருவமழை எம்மாதங்களில் வரும் என்பதை நாம் அறிவோம். தாயின் பேறுகாலப் பதிவேட்டில் குழந்தை பிறக்கும் நாளும் கணித்துக் குறிக்கப்பட்டிருக்கிறது. இவ்விரு நாள்களையும் ஒருங்கே வைத்துப் பார்த்து, தாழ்நிலப் பகுதிகளில் வாழும் நிறைமாதத் தாய்மாரை மழைக்கு முன்னரே பாதுகாப்பான இடம் சேர்ப்பதே திட்டமிடல்.

இதில் மொழிக்கும் பங்குண்டு. துயர் துடைப்பு மையத்தில் அரிசியும் போர்வையும் கேட்கக் கூசாத நாம், மாதவிடாய்க்கால அணையாடையைக் கேட்கக் கூசுகிறோம். கேட்கப்படாத பொருள் பட்டியலில் ஏறுவதில்லை. பட்டியலில் ஏறாத பொருள் லாரியிலும் ஏறுவதில்லை. கருப்பை, மாதவிடாய், கருத்தடை என்னும் சொற்களை வகுப்பறையில் தயக்கமின்றிப் பயிற்றுவிக்கும் ஆசிரியரும், அவற்றைத் தெளிவுறச் சொல்லப் பழகும் மாணவரும் பேரிடர் ஆயத்தத்தில் பங்கேற்பவர்களே. பட்டியல் எழுதப்படும் நாளில் அத்தேவைகளைப் பெயர் சொல்லிக் கேட்க நாம் அணியமாக இருத்தல் வேண்டும்.