மலைப்பாதையில் மின்சாரம் நின்றுபோன பழைய கார்

பழைய காரொன்றில் ஹெட்லைட், ஹோர்ன், வைப்பர், ஸ்டார்ட்டர் எல்லாம் ஒரே நொடியில் செத்துப்போனால், அவை தனித்தனியாகப் பழுதாகியிருக்க முடியாது. எல்லாவற்றுக்கும் பொதுவான பாதை எங்கோ ஓரிடத்தில் அறுந்திருக்கிறது. அந்தப் பாதை நீளமானதும் அல்ல. பற்றரி, அதன் இரண்டு டெர்மினல்கள், பாடிக்கும் இன்ஜினுக்கும் போகும் எர்த் வயர், மெயின் வயர், மெயின் பியூஸ், சில கார்களில் சாவி சுவிட்ச். தேட வேண்டிய இடம் அவ்வளவுதான். இருந்தும் பலர் முதலில் செய்வது புதுப் பற்றரி வாங்குவது. பணம் போன பிறகும் கார் நின்ற இடத்திலேயே நிற்கும்.

மலையகத்தில் இது பழைய கார் மோகம் கொண்டவர்களின் பிரச்சினை மட்டுமல்ல. 2020 மார்ச்சில் இலங்கை வாகன இறக்குமதியை நிறுத்தியது. தனியார் கார்களுக்கு மறுபடியும் வழி திறந்தது 2025 பெப்ரவரியில்தான். இடைப்பட்ட காலமெல்லாம் இருந்ததைத் திருத்தி ஓட்டியாக வேண்டியிருந்தது. இரவில் வலி கண்ட பெண்ணை லயத்திலிருந்து டிக்கோயா ஆஸ்பத்திரிக்கு ஏற்றிச் செல்லும் ஹயர் வண்டி பழையதாக இருந்தால், அதன் ஒரு டெர்மினல் தளர்வதுகூட சின்ன விஷயமல்ல.

இங்குள்ள காலநிலையும் வயரிங்குக்குச் சாதகமானதல்ல. தென்மேல் பருவமழையில் வட்டவளை, கினிகத்தேனைப் பக்கம் மாதக்கணக்கில் ஈரம் காயாது. செம்பும் ஈயமும் சேரும் இணைப்புகள் அந்த ஈரத்தில் அரிக்கின்றன. தோட்டத்துக் கல்பாதையின் குலுக்கல் நட்டுகளைத் தளர்த்துகிறது. சுமார் 1,868 மீற்றர் உயரத்திலுள்ள நுவரெலியாவில் ஜனவரி, பெப்ரவரி விடியற்காலைகளில் புல்லின் மேல் உறைபனி விழும். அந்தக் குளிரில் ஈய அமில பற்றரியின் உதைக்கும் சக்தி ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறைந்துவிடும். கொழும்பில் தாக்குப்பிடித்த பற்றரி இங்கே முதல் வாரத்திலேயே கைவிடுவதற்குக் காரணம் இதுதான்.

சோதனை ஹெட்லைட்டில் தொடங்க வேண்டும். விளக்கு மங்கலாக எரிந்து, சாவி திருப்பும்போது அணைந்துபோனால் பற்றரி இறங்கியிருக்கிறது, அல்லது இணைப்பு அரைகுறையாகப் பிடித்திருக்கிறது. துளி வெளிச்சமும் இல்லாவிட்டால் அநேகமாகப் பாதை முழுதாக அறுந்திருக்கிறது. மீற்றர் இருந்தால் சந்தேகமே வேண்டாம்: கார் சில மணி நேரம் ஓடாமல் நின்றபின் 12.6 வோல்ட் காட்டினால் பற்றரி நிறைந்திருக்கிறது, 12.2 என்றால் பாதி, 11.8க்குக் கீழே என்றால் காலி.

பற்றரி நன்றாக இருந்தால் அடுத்தது டெர்மினல். திடீர்ப் பழுதுகளில் முதலில் சந்தேகிக்க வேண்டிய இடமும் இதுவே. மீற்றரின் ஒரு முனையைப் பற்றரியின் ஈயக் குமிழிலும், மறு முனையை அதைக் கவ்வியிருக்கும் கிளாம்பிலும் வைத்து, ஹெட்லைட்டைப் போடச் சொல்ல வேண்டும். தொட்டுக்கொண்டிருக்கும் இரண்டு உலோகங்களுக்கிடையே வோல்ட் எதுவும் காட்டக் கூடாது. காட்டினால் நடுவே அரிப்பு இருக்கிறது. வெளியே பளபளப்பாக இருக்கும் கிளாம்பின் உள்பக்கம் கறுத்திருப்பது சாதாரணம் என்பதால் கண்ணை நம்ப முடியாது. வெந்நீரில் அப்பச்சோடா கரைத்து ஊற்றினால் பச்சைப் பூப்பு கரையும். பிறகு கம்பித் தூரிகையால் சுரண்டி, இறுக்கி, மேலே வாஸ்லின் பூசலாம். எர்த் கிளாம்பைத்தான் முதலில் கழற்ற வேண்டும். மாட்டும்போது அது கடைசி. பக்கத்தில் பீடி நெருப்புகூட ஆகாது, பற்றரியிலிருந்து ஹைட்ரஜன் வெளியேறும்.

எர்த் வயர் பலரும் மறந்துவிடும் இடம். இன்ஜின் ரப்பர் மவுண்டின் மேல் உட்கார்ந்திருப்பதால், அதற்கும் பாடிக்கும் நடுவே பின்னல் செம்புப் பட்டை ஒன்று இருக்கும். அது அறுந்தால் ஸ்டார்ட்டருக்கு வேண்டிய மின்னோட்டம் அக்சலரேட்டர் கேபிள் வழியாகத் திரும்பப் பார்க்கும். அந்தக் கேபிள் சுட்டுப் புகைந்தால் வேறு ஆதாரம் தேவையில்லை.

இதற்கு அப்பால் பாதை காருக்குக் கார் மாறுகிறது. பழைய பிரித்தானியக் கார்களின் லூக்காஸ் நிறுவன வயரிங்கில் நிறமே வழிகாட்டி: பியூஸ் இல்லாத மெயின் வயர் பழுப்பு, சாவி போட்டால் உயிர் பெறுவது வெள்ளை, அதிலிருந்து பியூஸ் வழியாக வருவது பச்சை, எர்த் கறுப்பு. பழுப்பில் மின்சாரம் வந்து வெள்ளையில் வராவிட்டால் சாவி சுவிட்ச்தான் குற்றவாளி. ஸ்டார்ட்டர் குமிழைக் கையால் இழுக்கும் பழைய மொரிஸ் மைனரில் தெளிவான ஓர் அடையாளம் உண்டு. இன்ஜின் சுற்றும், ஆனால் விளக்கும் இல்லை, இக்னிஷனும் இல்லை என்றால், பற்றரியின் தடித்த கேபிள் நன்றாக இருக்கிறது. ஸ்டார்ட்டர் சுவிட்சிலிருந்து, சார்ஜைக் கட்டுப்படுத்தும் கன்ட்ரோல் பொக்ஸுக்குப் போகும் பழுப்பு வயர் விட்டுப்போயிருக்கிறது. பழைய மினியில் பற்றரி பின்னால் டிக்கியில் இருப்பதால், முன்னே வரும் கேபிளைத் தரைக்கடியில் கல் அடித்த இடங்களிலும் பார்க்க வேண்டும்.

1980களின் ஜப்பானியக் கார்கள் பலவற்றில் பற்றரிக்குப் பக்கத்திலேயே, மெயின் பியூஸாக வேலை செய்யும் உருகி வயர் இருக்கும். அதன் மேலுறை முழுதாக இருக்கும்போதே உள்ளே கம்பி உருகியிருக்கலாம். மெதுவாக இழுத்தால் ரப்பர்போல நீளும். அதற்குப் பதில் சாதாரண வயரை முறுக்குவது காரையே எரிக்கும் வேலை. ஷார்ட் எங்கே என்று கண்டுபிடித்த பிறகே புதியதைப் போட வேண்டும். அதேபோல, ஓல்டர்னேட்டர் உள்ள காரில் இன்ஜின் ஓடும்போது டெர்மினலைக் கழற்றிச் சோதிக்கும் பழக்கம் அதன் டயோட்களைச் சுட்டுவிடும்.

சரிவில் உருட்டி ஸ்டார்ட் பண்ணுவது மலையகத்துக்குப் பழகிய வழி. டைனமோ உள்ள காரில் பற்றரி இறங்கியிருந்தாலும் அது பலிக்கக்கூடும். ஓல்டர்னேட்டர் காரில் பற்றரி முற்றாகக் காலியானால் பலிக்காது. இக்னிஷனுக்குப் போகும் பாதையே அறுந்திருந்தால் எந்தக் காரிலும் பலிக்காது. ரம்பொடை வளைவுகளில், விளக்கும் இல்லாமல், இன்ஜின் நின்று பிரேக் பூஸ்டரும் உதவாத நிலையில் காரை இறக்கவே கூடாது.

வேறு காரிலிருந்து மின்சாரம் எடுப்பவர்கள் எர்த் எந்தப் பக்கம் என்று முதலில் பார்த்துக்கொள்ளுங்கள். பெரும்பாலான மொரிஸ் மைனர்களிலும் 1960களின் முற்பாதி மினி, லேண்ட் ரோவர்களிலும் பாடியோடு சேர்ந்திருப்பது பிளஸ் முனை. பிளஸுக்குப் பிளஸ், மைனஸுக்கு மைனஸ் என்றே மாட்டுங்கள். இப்படிப்பட்ட கார்களில் கறுப்புக் கிளிப்பைப் பழக்கத்தில் இன்ஜினில் கவ்வவிடாதீர்கள். இரண்டு கார்களின் பாடியும் ஒன்றையொன்று தொடாமல் நிறுத்துங்கள்.