நீராவிக்கு வழி விடுங்கள்

காலை வேளையில் நம் இல்லங்களில் தவறாது எழும் ஒலி பிரஷர் குக்கரின் விசில் ஒலியாகும். உரிய நேரத்தில் அது எழாவிடில் நாம் பதறுகின்றோம். சிலர் மூடியைத் தட்டுகின்றனர். சிலர் 'வெயிட்'டை அழுத்திப் பார்க்கின்றனர். சிலர் அடுப்பை இன்னும் கூட்டி வைக்கின்றனர். இம்மூன்றும் ஆபத்தான செயல்கள். காரணத்தை அறிந்தால், பெரும்பாலான கோளாறுகளை அஞ்சாமல் நாமே நீக்கிவிடலாம்.

1679-ஆம் ஆண்டில் தெனி பப்பேன் என்னும் பிரெஞ்சு அறிஞர், இறுக மூடிய பாத்திரத்தில் எலும்பும் மென்மையாகுமாறு வேகவைக்கலாம் என்பதனை இலண்டன் மாநகரில் காட்டினார். ஆவி மிகுந்து பாத்திரம் வெடிக்காதிருக்கப் பாதுகாப்பு வால்வையும் அதில் அமைத்தார். இன்றைய குக்கரின் தத்துவமும் இதுவே. கடல் மட்டத்தில், திறந்த பாத்திரத்தில் நீர் 100 டிகிரி செல்சியஸில் கொதிக்கிறது. குக்கரினுள் அடைபட்ட ஆவியின் அழுத்தம் சதுர சென்டிமீட்டருக்குச் சுமார் 1 கிலோ கூடும்போது, கொதிநிலை ஏறத்தாழ 120 டிகிரியாக உயர்கிறது. ஆதலால் பருப்பு விரைவில் வேகிறது. இத்துணை வலிமை வாய்ந்த ஆவிக்கு வெளியேற வழி இருத்தல் வேண்டும்.

இனி, கோளாறுகளை ஒவ்வொன்றாகக் காண்போம்.

மூடியின் விளிம்பில் ஆவி கசிகிறதா? அடுப்பை அணைத்து, குக்கர் ஆறிய பின் ரப்பர் வளையத்தைக் கழற்றிப் பாருங்கள். பருக்கையோ அழுக்கோ ஒட்டியிருந்தால் கழுவினாலே போதும். வளையம் விறைத்தோ, தளர்ந்தோ, வெடித்தோ இருந்தால் புதியது மாற்றுங்கள். விளிம்பு நசுங்கியிருந்தால் பழுது பார்ப்பவரிடம் கொடுப்பதே முறை.

விளிம்பில் கசிவில்லை, ஆயினும் விசில் வரவில்லையா? நீர் குறைந்திருக்கலாம், அல்லது 'வெயிட்' அமரும் சிறு குழாய் அடைபட்டிருக்கலாம். இரண்டாவது மிகவும் ஆபத்தானது. உடனே அடுப்பை அணைத்து, முழுவதும் ஆறவிடுங்கள். பின்னர் குழாயை மெல்லிய கம்பியால் குத்திக் கழுவி, வெளிச்சத்திற்கு எதிரே பிடித்துப் பாருங்கள்; துளை தெளிவாகத் தெரிதல் வேண்டும்.

கஞ்சியும் நுரையும் பீறிடுகின்றனவா? அளவுக்கு மீறி நிரப்பியதே காரணம். பொதுவாக மூன்றில் இரண்டு பங்குக்கு மேலும், பொங்கி வரும் அரிசி, பருப்பு வகைகளைப் பாதிக்கு மேலும் நிரப்பலாகாது.

பாதுகாப்பு வால்வு உருகித் திறந்துகொண்டதா? அது தன் கடமையைச் செய்து நம்மைக் காத்தது என்று கொள்ளுங்கள். நீர் வற்றியதா, குழாய் அடைத்ததா என்று ஆராய்ந்து அதனை முதலில் சரி செய்யுங்கள். பின்னர் அந்தக் குக்கருக்கே உரிய வால்வை வாங்கிப் பொருத்துங்கள். சில ரூபாய்களை மிச்சப்படுத்த எண்ணி, அவ்விடத்தில் ஆணியையோ திருகையோ முடுக்கிவிடுவது, ஆவியின் கடைசி வழியையும் அடைப்பதாகும். அடுப்பருகே நிற்பவர் நம் தாயோ மகளோ என்பதனை அவ்வேளையில் நினைவுகூர்வோமாக.

மூடியைத் திறப்பதிலும் அவசரம் கூடாது. 'வெயிட்'டைச் சற்றே தூக்கும்போது சீறல் கேட்டால் இன்னும் பொறுத்திருங்கள். மூடி இளகாவிடில் வலிந்து திருகாதீர்கள். தப்பித் தவறி ஆவி சுட்டுவிட்டால், சுட்ட இடத்தை ஓடும் குளிர்ந்த நீரில் 20 நிமிடம் காட்டுங்கள். பற்பசை, மை, எண்ணெய் ஆகியவற்றைத் தடவலாகாது. கொப்புளம் பெரிதாயின், அல்லது முகத்தில் பட்டிருப்பின், மருத்துவரிடம் விரையுங்கள்.

நாள்தோறும் மூடியைப் பொருத்துமுன் குழாயின் துளையை ஒருமுறை பார்ப்பதும், ஆவி சீராக வெளிவரக் கண்ட பின்னரே 'வெயிட்'டை வைப்பதும் நம் வழக்கமாகட்டும். இதற்குச் செலவு ஏதுமில்லை. வீட்டுப் பிள்ளைகளுக்கும் இதனை இன்றே கற்றுக் கொடுப்போம்.