டீசல் புகை: டெல்லிக்கு ஒரு நியாயம், அத்திபெலேவுக்கு ஒரு நியாயம்?

புதுடெல்லி: தமிழகமும் கர்நாடகமும் சந்திக்கும் அத்திபெலேயில், ஓசூர் - பெங்களூரு நெடுஞ்சாலையில் லாரிகள் வரிசைகட்டி நிற்பது அன்றாடக் காட்சி. சுங்கச்சாவடியில் நின்று நின்று நகரும் அவை கக்கும் புகையின் தீங்கு கண்ணெரிச்சலோடும் இருமலோடும் முடிந்துவிடுவதில்லை. உலக சுகாதார நிறுவனத்தின் அங்கமான பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை, 1988-ல் ஐயப் பட்டியலில் வைத்திருந்த டீசல் புகையை 2012 ஜூனில் ஐயத்துக்கிடமின்றிப் புற்றுநோய் உண்டாக்கும் முதல் பிரிவுக்கு மாற்றியது. புகையிலையும் ஆஸ்பெஸ்டாசும் இருப்பது அதே பிரிவில்தான். மூன்றும் ஒரே அளவு கொடியவை என்பதல்ல இதன் பொருள். ஆதாரம் ஒரே அளவு உறுதியானது என்பதே.

டீசல் முழுமையாக எரியாதபோது உருவாகும் கரித்துகள்களில் பெரும்பாலானவை ஒரு மைக்ரானுக்கும் சிறியவை. மூக்கிலும் தொண்டையிலும் தங்காமல் நுரையீரலின் காற்றறைகள் வரை செல்பவை. பென்சோபைரீன் போன்ற நச்சு வேதிப்பொருள்கள் அவற்றின் மேல் ஒட்டிக்கொண்டு உள்ளே போகின்றன. மரபணுக்களைச் சிதைப்பவை இவைதான். அமெரிக்கச் சுரங்கங்கள் எட்டில் பணிபுரிந்த 12,315 தொழிலாளர்களைப் பற்றிய ஆய்வு 2012-ல் வெளியானது. புகையை மிகுதியாகச் சுவாசித்தவர்கள் நுரையீரல் புற்றுநோயால் இறக்கும் அபாயம், குறைவாகச் சுவாசித்தவர்களைவிட ஏறத்தாழ மூன்று மடங்கு என்று அது கண்டது. நோய் தலைகாட்டப் பல ஆண்டுகள் ஆகும் என்பதால், காரணத்தைச் சாலையோடு தொடர்புபடுத்த யாரும் முன்வருவதில்லை.

அரசு எதுவும் செய்யவில்லை எனக் கூற முடியாது. 2010-ல் பெங்களூரு உள்ளிட்ட 13 நகரங்களுக்கு 50 பிபிஎம் கந்தகம் கொண்ட டீசல் வந்தது. மற்ற ஊர்களுக்கு 350 பிபிஎம். மாநகருக்குத் தூய எரிபொருள்; அதன் வாசலில் வந்து நிற்கும் வெளியூர் லாரிக்கு அழுக்கு எரிபொருள்! இந்த வேறுபாடு 2017 ஏப்ரலில்தான் நீங்கியது. 2020 ஏப்ரல் முதல் நாடெங்கும் பாரத்-6 விதிமுறை. கந்தகம் 10 பிபிஎம். ஆனால் கரித்துகளைப் பிடிக்கும் வடிகட்டி புதிய வண்டிகளில்தான் உண்டு. அதற்கு முன் வாங்கப்பட்ட லாரிகளுக்கு அந்த விதி பொருந்தாது.

தலைநகரின் கதை வேறு. டெல்லிக்குள் நுழையும் சரக்கு வாகனங்களுக்கு 2015 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் 700 ரூபாய், 1,300 ரூபாய் எனச் சுற்றுச்சூழல் இழப்பீட்டுக் கட்டணம் விதித்தது. டிசம்பரில் அதை இரு மடங்காக்கி, 2005-லோ அதற்கு முன்போ பதிவான வணிக வாகனங்கள் டெல்லிக்குள் நுழையவே தடை போட்டது. நாடாளுமன்றமும் நீதிமன்றமும் சுவாசிக்கும் காற்றுக்கு அந்தக் காவல் தேவைதான். ஆனால் அதே லாரி தெற்கே எங்கும் ஓடுவதற்கு அந்த உத்தரவு தடை சொல்லவில்லை.

இன்னொரு குறையும் உண்டு. 2009-ல் அறிவிக்கப்பட்ட தேசியக் காற்றுத்தர அளவுகோலில் 12 மாசுகள் இடம்பெற்றன. பென்சோபைரீனுக்கும் நுண்துகளுக்கும் வரம்பு வைக்கப்பட்டது. டீசலின் கரித்துகளுக்கென்று தனி வரம்பு எதுவும் வைக்கப்படவில்லை. ஆகவே லாரி ஓட்டுநரோ, கிளீனரோ, சுங்கச்சாவடி ஊழியரோ, சாலையோரத் தேநீர்க் கடைக்காரரோ நாள்தோறும் எவ்வளவு டீசல் கரியைச் சுவாசிக்கிறார் என்று தனியே அளந்து சொல்லும் கடமை, அந்த அளவுகோலின்படி எந்த மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்கும் இல்லை.