உங்களுக்குத் தெரியுமா? ஒரே பொத்தான், 30 கோடி டாலர்!

பெரிய இணையக் கடை ஒன்றில், கூடையை நிரப்பிவிட்டுப் பணம் கட்டப் போகிறவர்களை ஒரு சின்னப் படிவம் மறித்தது. மின்னஞ்சல், கடவுச்சொல் என இரண்டு கட்டங்கள். உள்நுழைய ஒரு பொத்தான், பதிவுசெய்ய ஒரு பொத்தான். அடுத்தமுறை வாங்குவது சுலபமாகும் என்பது வடிவமைத்தவர்களின் கணக்கு.

அமெரிக்கப் பயன்பாட்டு வல்லுநர் ஜாரெட் ஸ்பூலின் குழு, வாடிக்கையாளர்களிடம் பணம் கொடுத்து, அந்தத் தளத்தில் பொருள் வாங்கச் சொல்லிப் பக்கத்திலிருந்து கவனித்தது. புதியவர்கள் பதிவுசெய்யவே எரிச்சல்பட்டார்கள். பழையவர்களுக்கோ கடவுச்சொல் நினைவில்லை. பிறகு தளத்தின் தரவுகளைப் புரட்டினார்கள்:

● வாடிக்கையாளர்களில் 45% பேருக்கு ஒன்றுக்கு மேற்பட்ட கணக்குகள். சிலருக்குப் பத்து வரை!

● கடவுச்சொல் கேட்டு நாளொன்றுக்குச் சுமார் 1,60,000 கோரிக்கைகள்.

● அப்படிக் கேட்டவர்களில் 75% பேர் வாங்காமலே போய்விட்டார்கள்.

பதிவுப் பொத்தானை எடுத்துவிட்டு, ‘தொடர்க’ என்ற பொத்தானை வைத்தார்கள். வாங்குவதற்குக் கணக்குத் தேவையில்லை என்று கூடவே ஒரு குறிப்பு. வாங்கி முடித்தவர்களின் எண்ணிக்கை 45% ஏறியது. முதல் மாதத்தில் கூடுதல் விற்பனை 1.5 கோடி டாலர். முதல் ஆண்டில் 30 கோடி.

சூட்சுமம் இதுதான்: வாடிக்கையாளருக்குத் திருப்தியா என்று மதிப்பெண் மட்டும் வாங்கினால் போதாது. அவர் எந்த இடத்தில் தடுக்கி நிற்கிறார், அதனால் எவ்வளவு விற்பனை நழுவுகிறது என்பதையும் சேர்த்து அளக்க வேண்டும்.